தாவீதின் பாடல்கள் யாருடையவை?

கேள்வி: ஈப்போ சிலிபின் லூர்து மாதா கோயிலில் பூசையில் பாடும் பதிலுரைப் பாடல் யூதர்களுடையது என்கிறான் என் மகன். உண்மையா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உண்மைதான் அம்மா. பதிலுரைப் பாடல் பெரும்பாலும் திருப்பாடல்களிலிருந்து வருவது. அந்தத் திருப்பாடல்கள் 150-ம் எபிரேயத்தில் பிறந்தவை. இன்றும் யூதத் தொழுகைக்கூடங்களில் ஒலிப்பவை. யூதத் தாயின் மடியில் வளர்ந்த இயேசு சிலுவையில் கதறியதும் 22-ஆம் பாடலின் முதல் அடியைத்தான். ரப்பர் தோட்டங்களில் நம் தாத்தாக்கள் தாங்கிய சூசை, யாகப்பன் என்பவையும் யூத வீட்டுப் பெயர்களே.

யூதர்கள் இயேசுவை மெசியாவாக ஏற்பதில்லை. அந்த வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய சாவுக்கு அந்த இனம் முழுவதன்மேலும் பழி சுமத்தியது பெருங்கொடுமை. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தப் பழியை மறுத்தது. மகனோடு சேர்ந்து திருப்பாடல்கள் 113 முதல் 118 வரை வாசியுங்கள். யூதக் குடும்பங்கள் பாஸ்கா இரவில் பாடுபவை அவை.