பிடித்த பணம் அவர் பேரில் சேரணும்

கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம். ஒருநாள் காலையில் பெயின்டிங் கான்ட்ராக்டர் அண்ணன் வந்து போனை என் மேஜைமேல் வைத்தார். "பாரும்மா, நாலு பில்லுக்கும் எண்ணூறு எண்ணூறா பிடிச்சீங்க. இதுல ஒண்ணுமே காட்டலையே." அவர் பேரில் ஏறிய வரியைக் காட்டும் 26 ஏ.எஸ். அறிக்கை காலியாக இருந்தது. பணத்தைக் கட்டியிருந்தோம், டி.டி.எஸ். ரிட்டர்ன் போடவில்லை. அந்த 3,200 ரூபாய் அவருக்கு ரீஃபண்டாக வரவேண்டிய காசு. நாம் பிடிக்கும் டி.டி.எஸ். அவருடைய வரிப்பணம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சிப்காட்டிலும் காக்களூரிலும் கணக்கு பார்க்கிற தம்பி, தங்கச்சிகளே, அக்கா சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்க.

1. யார் பிடிக்கணும்?
கான்ட்ராக்ட் வேலைக்குப் பணம் கொடுக்கும்போது கம்பெனியும் பார்ட்னர்ஷிப்பும் கட்டாயம் டி.டி.எஸ். பிடிக்கணும். தனி ஆள் நடத்தும் தொழில் என்றால், முந்தின வருஷ விற்றுமுதல் 1 கோடியைத் தாண்டியிருந்தால் பிடிக்கணும். முதல் வேலையாக டான் நம்பர் வாங்கிடுங்க.

2. பான் கார்டின் நாலாவது எழுத்தைப் பாருங்க
அது 'பி' என்றால் தனிநபர், 'எச்' என்றால் கூட்டுக் குடும்பம். இந்த இரண்டுக்கும் 1 சதவீதம். 'எஃப்', 'சி' என்று இருந்தால் ஃபர்ம், கம்பெனி, 2 சதவீதம். பான் இல்லையென்றால் 20 சதவீதம். ஆதாரோடு இணைக்காமல் செயலிழந்த பானுக்கும் அதே கதிதான். அதனால் வேலை கொடுக்கும் அன்றே பான் நகலை வாங்கிச் சரிபாருங்க.

3. சின்ன பில்தானே என்று விடாதீங்க
ஒரே பில் 30,000-ஐத் தாண்டினாலோ, வருஷத்துக்கு மொத்தம் 1 லட்சத்தைத் தாண்டினாலோ பிடிக்கணும். லோடிங் மேஸ்திரி 28,000 வீதம் நாலு பில் கொடுத்தால் 1,12,000 ஆகிவிடும். நாலாவது பில்லில் மொத்தத்துக்கும் சேர்த்து 1,120 பிடிக்கணும். ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, பில்லை ஏற்ற ஏற்றக் கூட்டி வைங்க. அட்வான்ஸ் கொடுத்தாலும் அப்போதே பிடிக்கணும்.

4. எதற்குப் பிடிக்கணும்?
வெல்டிங், கேன்டீன், ஹவுஸ்கீப்பிங், ஆள் சப்ளை எல்லாம் இதில் வரும். நம்ம இரும்பைக் கொடுத்து லேத்தில் கடைந்து வாங்கினால் அதுவும் வரும். அவரே வெளியில் இரும்பு வாங்கிச் செய்து கொடுத்தால் அது விற்பனை. இந்தக் கணக்கில் வராது. பில்லில் ஜி.எஸ்.டி. தனியாக இருந்தால் அதை விட்டுவிட்டுக் கணக்கு போடுங்க: 50,000 வேலை, 9,000 ஜி.எஸ்.டி. என்றால் 50,000-க்கு மட்டும். லாரிக்காரரிடம் பத்து வண்டிக்கு மேல் இல்லையென்றால் பானும் எழுத்துமூல உறுதியும் வாங்கிக்கொண்டு பிடிக்காமல் கொடுக்கலாம்.

5. ஏழாம் தேதியைச் சுற்றி வட்டம் போடுங்க
இந்த மாசம் பிடித்ததை அடுத்த மாசம் 7-க்குள் கட்டணும். மார்ச்சில் பிடித்ததற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம். ஆகஸ்ட் 20-ல் பிடித்ததைச் செப்டம்பர் 10-ல் கட்டினால், மூன்று நாள்தானே தாமதம் என்று தோன்றும். ஆனால் ஆகஸ்டும் செப்டம்பரும் முழு மாசமாகவே எண்ணப்படும்; மாசத்துக்கு 1.5 வீதம் இரண்டு மாச வட்டி, 3 சதவீதம் ஆகும்.

6. கட்டினால் மட்டும் போதாது
ரிட்டர்னில் அவருடைய பானைப் போட்டால்தான் பணம் அவர் கணக்கில் ஏறும். கடைசித் தேதிகள்: ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31. தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய், பிடித்த தொகை அளவு வரை. ரிட்டர்ன் போட்ட கையோடு டிரேசஸ் இணையதளத்தில் டி.டி.எஸ். சான்றிதழ் எடுத்து, அவர் கேட்பதற்கு முன்னாலேயே வாட்ஸ்அப்பில் அனுப்பிடுங்க.

7. பழைய நம்பரைத் தேடாதீங்க
2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் வருஷத்துப் புதிய வருமான வரிச் சட்டம் நடப்பில் இருக்கு. நாம் பழகிய 194சி இப்போது 393-ஆம் பிரிவுக்குள் போய்விட்டது. 1, 2 சதவீதம் மாறவில்லை.

அந்த அண்ணனுக்காக ரிட்டர்னைத் தாமதக் கட்டணத்தோடு போட்டோம். சில நாள் கழித்து அவரே போனைக் காட்டினார். நாலு வரியும் ஏறியிருந்தது. வெயிலில் சாரம் கட்டி நின்று சம்பாதித்த காசு அது. அவர் நம்மிடம் நடையாய் நடக்காமல் அது அவரிடம் போய்ச் சேரணும்.