சதுரங்க நிலங்களும் வேட்டைக் காவலரும்

நிலத்தின் எல்லையை அறியாதவன் தன் உரிமையையும் அறியான். பிறர் உரிமையையும் அறியான். இதனை நன்கு விளக்கத்தக்க வழக்கொன்று அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேர்ந்த வயோமிங் மாகாணத்தில் எழுந்து, 2025-ம் வருஷத்தில் முடிவுற்றது. நிலச்சொந்தக்காரரும் கிராம அலுவலரும் அறியத்தக்கதாதலின் அதனை இங்கே சுருக்கி எழுதுகின்றோம்.

நிலம் பகுக்கப்பட்ட முறை

அம்மாகாணத்து நிலம் பெரும்பாலும் ஒரு மைல் நீளமும் ஒரு மைல் அகலமுமுள்ள சதுரங்களாக அளக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு சதுரமும் 640 ஏக்கரா விஸ்தீரணமுள்ளது. அதற்குச் செக்ஷன் என்று பெயர். பசிபிக் சமுத்திரம் வரையில் ரயில் பாதை போடுவதற்காக 1862-ம் வருஷத்தில் ஒரு சட்டம் செய்யப்பட்டது. அதன்படி, பாதையின் இரு மருங்கிலும் ஒன்றுவிட்டொன்றாகச் செக்ஷன்கள் ரயில்வே கம்பெனிகளுக்கு மானியமாகக் கொடுக்கப்பட்டன. இடையே எஞ்சியவற்றுட் பல இன்றும் சர்க்கார் வசமே இருக்கின்றன. ஆகவே அப்பிரதேசம் சதுரங்கப் பலகையை ஒத்திருக்கிறது. கறுப்புக் கட்டம் தனியாருடையது; வெள்ளைக் கட்டம் பொதுமக்களுடையது என்று கொள்க. இரண்டு வெள்ளைக் கட்டங்கள் பக்கத்தோடு பக்கம் சேர்வதில்லை. மூலையோடு மூலையே தொடும்.

பொதுக் கட்டத்தில், மாகாணத்தாரிடம் லைசென்ஸ் பெற்றவர் உரிய பருவத்தில் வேட்டையாடலாம். தனியார் நிலத்திலோ, சொந்தக்காரருடைய அனுமதியின்றி வேட்டையாடுதல் குற்றமாகும்.

வேட்டைக் காவலர் கடமைகள்

இவ்விதிகளை நடத்திவைப்பவர் மாகாணத்து வேட்டை, மீன் இலாகாவைச் சேர்ந்த வேட்டைக் காவலர். வேட்டையாடுவோனிடம் லைசென்ஸ் இருக்கிறதா, பருவம் திறந்திருக்கிறதா, வீழ்த்திய மிருகத்திற்குரிய சீட்டில் தேதியும் கையொப்பமும் இடப்பட்டனவா, உண்ணத்தக்க இறைச்சி வீணாக்கப்பட்டதா என்பவற்றை அவர் பரிசோதிப்பார். அனுமதியின்றித் தனியார் நிலத்தில் வேட்டையாடுவோர்மீது நடவடிக்கை எடுப்பதும் அவர் வேலையே.

குடியானவருக்கு அவரால் வேறொரு பயனும் உண்டு. எல்க் முதலிய பெரிய மான்கள் பயிரையோ போரையோ அழித்தால், நஷ்டத்தைக் கண்ட 15 நாட்களுக்குள் அவருக்கு அறிவித்து, பின்னர் முறைப்படி மனுச் செய்துகொண்டால் இலாகா ஈடு கொடுக்கும். ஆனால் பருவகாலத்தில் தன் நிலத்தில் வேட்டைக்கு இடங்கொடாதவர் இவ்வீட்டைப் பெற முடியாது. மிருகங்களைக் குறைக்க வழிவிடாமல், அவற்றால் வந்த நஷ்டத்தை மட்டும் பொதுப்பணத்தினின்று கேட்பது முறையன்று என்பதே இதன் கருத்து.

மூலையைக் கடந்த வழக்கு

மேற்கூறிய சதுரங்க நிலத்தில், எல்க் மலை என்னுமிடத்தில் ஒரு பெரிய பண்ணை இருக்கிறது. அதனிடையே பொதுச் செக்ஷன்கள் பல அகப்பட்டுக் கிடக்கின்றன. 2020-ம் வருஷத்தில் மிசூரி மாகாணத்து வேட்டைக்காரர் சிலர், ஒரு பொதுக் கட்டத்தினின்று மூலை வழியே அடுத்த பொதுக் கட்டத்திற்குச் சென்றனர். மூலையில் இரண்டு கம்பங்கள் நட்டுச் சங்கிலி பூட்டப்பட்டிருந்தது. அவர்கள் கம்பத்தைப் பற்றிச் சுற்றிக் கடந்தனர். மறுவருஷம் ஓர் ஏணியைக் கொண்டுவந்து, தனியார் மண்ணில் கால் படாமல் ஏறி இறங்கினர்.

மூலை என்பது ஒரு புள்ளி, அதற்கு அகலமில்லை. மனிதன் உடலுக்கோ அகலமுண்டு. ஆகையால் அதனைக் கடப்பவன் தோள் தனியார் நிலத்தின் மேலுள்ள ஆகாயத்தில் ஒரு கணமேனும் புகாமல் இராது. இதுவே அத்துமீறல் என்று குற்றஞ் சாட்டப்பட்டது. 2022-ம் வருஷத்தில் ஜூரிகள் அவர்களை நிரபராதிகள் என்று விடுவித்தனர். பண்ணைக்காரர் தம் சொத்தின் மதிப்பு 70 லட்சம் டாலருக்கு மேல் குறைந்துபோயிற்றென்று சிவில் வழக்குத் தொடுத்தார். 2023-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் நியாயஸ்தலமும், 2025-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அப்பீல் நியாயஸ்தலமும் வேட்டைக்காரர் பக்கமே தீர்ப்பளித்தன. அவ்வருஷம் அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு அப்பீலை ஏற்க மறுத்துவிட்டது.

தீர்ப்புக்கு ஆதாரமாய் நின்றது 1885-ம் வருஷத்துச் சட்டமொன்று. மேய்ச்சற் பண்ணைக்காரர் பலர் தம் நிலத்தில் வேலியிடுவதுபோல் பொதுநிலத்தையும் வளைத்துக்கொண்டமையால் அது பிறந்தது. தனக்குரிய நிலத்தைக் காப்பதற்கு எவருக்கும் உரிமையுண்டு. அதனைச் சாக்காகக் கொண்டு பொதுநிலத்திற்குச் செல்வோரைத் தடுக்க உரிமையில்லை என்பதே அதன் சாரம்.

கவனிக்கத்தக்கவை

1. இத்தீர்ப்பு தனியார் மண்ணில் ஓரடி வைக்கவும் இடங்கொடுக்கவில்லை. மண்ணைத் தொடாமல், சேதம் விளைக்காமல், மூலையை மட்டும் கடப்பதற்கே இடங்கொடுக்கிறது. அவ்வப்பீல் நியாயஸ்தலத்திற்கு உட்பட்ட 6 மாகாணங்களையே அது கட்டுப்படுத்தும்.

2. வேட்டைச் சட்டத்தின்படியான அத்துமீறல் வேறு. பொதுச் சட்டத்தின்படியான அத்துமீறல் வேறு. தனியார் நிலத்தில் வேட்டையாடும் எண்ணமின்றி மூலையைக் கடப்பவன் வேட்டைச் சட்டத்தை மீறினவனாகான் என்று 2004-ம் வருஷத்திலேயே வயோமிங் அட்டர்னி ஜெனரல் அபிப்பிராயம் கூறியிருந்தார். ஒரு சட்டத்தில் குற்றமல்லாதது மற்றொன்றில் வழக்காகக்கூடுமென்பதைக் காவலரும் குடிகளும் மறத்தலாகாது.

3. சர்வேக் குறி நின்ற மூலையாதலால்தான் கடந்தவர் கால் எந்த நிலத்தில் பட்டது என்று ஆராய முடிந்தது. குறி அழிந்திருப்பின் இரு திறத்தாருக்கும் வாய்ச்சொல்லே சாட்சியாக எஞ்சியிருக்கும்.

நம் நாட்டில் 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை தடுக்கப்பட்டிருக்கிறது. ஆகையால் நமக்கு வேண்டிய பாடம் வேட்டையைப் பற்றியதன்று. புறம்போக்கையோ வண்டிப்பாதையையோ ஒட்டி வேலி போடுமுன், புலப்படத்தோடு மூலைக்கல்லை ஒத்துப் பார்த்துக் கொள்ளுங்கள். கல் சாய்ந்தோ பெயர்ந்தோ கிடந்தால், வேலி எழும்புமுன்னரே கிராம அலுவலருக்குத் தெரிவியுங்கள். வேலி எழும்பிய பின்னர்க் கல்லைத் தேடப் புகுவதால் விரோதமும் வழக்குச் செலவுமே மிகும்.