கடைமடையும் கணினி வலையும்

நுழையும்முன்
மதகைத் திறந்த அளவில் பாசனம் முடிந்துவிடுவதில்லை. கடைமடை வயலில் நீர் ஏறியதா என்பதை நேரில் கண்ட பின்னரே உழவர் மனம் அமைதி கொள்ளும். கணினி இணைப்பைச் சோதிப்பதற்கும் இந்நெறியே அடிப்படையாகும்.

நீர்வலை
மேட்டூர் அணையைத் திறப்பதற்குரிய வழக்கமான நாள் ஜூன் 12. அங்கிருந்து வரும் நீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிகிறது. பின்னர்க் கிளையாறுகள், வாய்க்கால்கள் வழியே தஞ்சை வயல்களை அடைகிறது. கடைமடை காய்ந்திருந்தால் தடை எங்குள்ளது என மதகு மதகாகத் தேட வேண்டும்.

கட்டளைக் கருவி
லினக்ஸ் இயங்குதளத்தில் வலையிணைப்புகளை ஆளும் மென்பொருள்களுள் ஒன்று நெட்வொர்க் மேனேஜர். அதற்கு எழுத்துவழி ஆணையிட உதவுவது 'என்எம்சிஎல்ஐ' என்னும் கட்டளைவரிக் கருவி. இணைப்பை உருவாக்கவும் இயக்கவும் நிறுத்தவும் நீக்கவும் இது பயன்படும். ஒவ்வொரு பணியின் முடிவிலும் இது ஓர் எண்ணைத் தரும். 0 என்பது வெற்றி; 3 என்பது காலக்கெடு கடந்தமை; 4 என்பது இணைப்பை இயக்க இயலாமை; 10 என்பது குறிப்பிட்ட இணைப்போ சாதனமோ இல்லாமை.

சோதனையின் மூன்று படிகள்
முதலாவது, சரியான கட்டளையைத் தருதல். இணைப்பை நிறுத்தி, மீண்டும் இயக்கி, இணைப்புப் பட்டியல் அதற்கேற்ப மாறுகிறதா என ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, தவறான கட்டளையைத் தருதல். இல்லாத இணைப்பின் பெயரைக் கொடுத்தால் 10 என்னும் எண் வரவேண்டும். பிழைக்கும் 0 தரும் கருவி நம்பத்தக்கதன்று.

மூன்றாவது, வேறொரு சான்றைத் தேடுதல். கருவி 'வெற்றி' என்றாலும் தரவு வெளியே சென்று திரும்புகிறதா என்பதைப் 'பிங்' கட்டளையால் அறியலாம். முதலில் அருகிலுள்ள திசைவியையும், அடுத்து வெளியிலுள்ள கணினியையும் அழைத்துப் பார்த்தால் தடை உள்ளேயா வெளியேயா என்பது புலப்படும். சில கணினிகள் பிங்குக்கு விடை தருவதில்லை. ஆதலின் ஒரே முகவரியைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது.

தொலைவிலுள்ள கணினியை வலைவழியே இயக்குவோர் மேலும் விழிப்புடன் இருத்தல் வேண்டும். தமக்கு வழியாக உள்ள இணைப்பையே நிறுத்திவிட்டால், அதனை மீண்டும் இயக்கும் கட்டளையும் அங்குச் சென்று சேராது.

விண்ணப்பத்தின் இறுதி நாளில், சிற்றூரில் கணினிமுன் அமர்ந்திருக்கும் மாணவருக்குத் திரையில் தோன்றும் 'இணைந்தது' என்னும் சொல் மட்டும் போதாது. விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். கருவியின் சொல்லை உண்மையோடு ஒப்பிட்டு உறுதி செய்வதே சோதனையாகும்.

தெரியுமா?
பிங் நிரலை 1983ஆம் ஆண்டு அமெரிக்கரான மைக் மூஸ் எழுதினார். நீருக்குள் ஒலியைச் செலுத்தி எதிரொலியால் பொருளை அறியும் சோனார் கருவியின் ஓசையே அதற்குப் பெயராயிற்று.

கற்பவை கற்றபின்
உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் இணைப்புத் தடைபட்டால், எவ்வெவற்றை எந்த வரிசையில் சோதிப்பீர்கள் என எழுதி வகுப்பில் கலந்துரையாடுக.