கோடை விழா எங்கே முடிகிறது?

ஏற்காட்டுக் கோடை விழா நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. மே மாதம் அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, ஏரியில் படகுப் போட்டி, நாய்க் கண்காட்சி, கலை நிகழ்ச்சிகள் என்று மலை நிறைந்துவிடும். இந்த விழாவைப் பற்றி, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வேரூன்றிவிட்ட சில நம்பிக்கைகளைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: கூட்டம் வந்தால் விழா வெற்றி.

பள்ளி விடுமுறையும் சமவெளி வெயிலும் சேர்ந்தால், விழா இல்லாவிட்டாலும் மே மாதத்தில் ஏற்காட்டுக்குக் கூட்டம் வரும். நுழைவுச்சீட்டுக் கணக்கு வந்தவர்களின் எண்ணிக்கையைத்தான் சொல்லும். மனநிறைவை அறிய வேண்டுமானால் திரும்பிப் போகிறவர்களை நிறுத்திக் கேட்க வேண்டும்.

நம்பிக்கை: அங்கே இருந்தபோது மகிழ்ந்தவர் மறுபடி வருவார்.

அமெரிக்காவில் விடுமுறைப் பயணம் போன கல்லூரி மாணவர்களை டெரிக் விர்ட்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். பயணத்துக்கு முன் என்ன எதிர்பார்த்தார்கள், பயணத்தின்போது எப்படி உணர்ந்தார்கள், பின்னர் அதை எப்படி நினைவுகூர்ந்தார்கள் என்று மூன்றையும் பதிவு செய்தார்கள். மீண்டும் போகும் ஆசையை நேரடியாக முன்னறிவித்தது, மனத்தில் தங்கிய நினைவு ஒன்றுதான்.

நம்பிக்கை: பூங்காவை விட்டு வெளியே வந்தால் விழா முடிந்தது.

கொட்டச்சேடு என்ற மலைக் கிராமத்தாரைக் கேளுங்கள், அவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள். நெரிசல் மிகுந்த விழா நாட்களில் வண்டிகளைச் சேலம் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் வழியாக ஏறவிட்டு, குப்பனூர் சாலை வழியாக இறங்கவிடுவது வழக்கம். அந்த இறக்கத்தில்தான் கொட்டச்சேடு இருக்கிறது. களைத்த பெரியவர்கள், தூக்கத்தில் சிணுங்கும் பிள்ளைகள், கழிப்பறை தேடும் பெண்கள் எல்லோரும் இந்த ஊரைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.

முடிவு நினைவை எப்படி மாற்றும் என்பதற்கு உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 1993-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. 14 டிகிரி குளிர்நீரில் ஒரு நிமிடம் கை வைப்பது ஒரு முறை. அதே ஒரு நிமிடத்தோடு, 15 டிகிரிக்கு மெல்ல ஏறும் நீரில் மேலும் அரை நிமிடம் வைத்திருப்பது இன்னொரு முறை. எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது, பத்தில் ஏழு பேர் அளவுக்கு நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். முடிவு சற்று இதமாக இருந்ததே காரணம். பல நாள் சுற்றுலாவுக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது. மறக்க முடியாத ஒரு நாள் அங்கே கடைசி நேரத்தைவிட வலியது. ஆனால் காலையில் ஏறி மாலையில் இறங்கும் ஒருநாள் பயணத்தில், வந்தவர் எடுத்துப்போகும் நினைவில் இறங்கும் வழிக்கும் பெரிய பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

நம்பிக்கை: மலர்க் காட்சி பார்த்தால் ஏற்காட்டைப் பார்த்தாயிற்று.

இந்த மலையின் அடையாளப் பூ காப்பிப் பூ. மார்ச், ஏப்ரல் மாதங்களில் முதல் மழை விழுந்ததும் தோட்டமெல்லாம் வெள்ளையாகி மல்லிகைபோல மணக்கும். சில நாட்களில் உதிர்ந்துவிடும். காப்பிப்பழப் பறிப்பு நவம்பர் வாக்கில் சூடுபிடிக்கும். மே மாதத்தில் வருகிறவர் இவை இரண்டையும் பார்ப்பதில்லை. அப்படி ஒன்று உண்டென்று சொல்லி அனுப்பினால்தானே இன்னொரு பருவத்தில் வரத் தோன்றும்?

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கோடை விழாவின்போது கொட்டச்சேட்டில் சுத்தமான கழிப்பறையும் குடிநீரும் வண்டி நிறுத்த இடமும் கொடுங்கள். அங்கேயே மலைவாழ் மக்கள் தங்கள் காப்பித்தூளையும் மிளகையும் விற்கட்டும். கருத்துக் கேட்கும் படிவத்தையும் அங்கே வையுங்கள்.