பன்றிக் குட்டியின் குடல் நரம்புகளும் பால் மறக்கச் செய்யும் காலமும்

இலங்கையில் பன்றி வளர்ப்பு சிலாபம், நீர்கொழும்பு முதலிய மேற்குக் கரையோரப் பகுதிகளிலேயே மிகுதியாக நடைபெறுகின்றது. கடுகண்ணாவை போன்ற மலைப்பாங்கான இடங்களில் ஒன்றிரண்டு தாய்ப்பன்றிகளை வைத்து, குட்டிகளை விற்று வருவாய் பெறுவோரும் உளர். குட்டிகளை எந்த வயதில் தாயிடமிருந்து பிரிப்பது என்பது இவர்கள் தீர்மானிக்க வேண்டிய முக்கிய காரியம். மூன்று வாரத்திற்குள் பிரித்தால் பணம் விரைவில் கைக்கு வரும். பால் நின்ற நான்கு முதல் ஏழு நாள்களில் தாய்ப்பன்றியும் மீண்டும் வேட்கைக்கு வரும். ஆயினும், இந்த அவசரத்தினால் விளையும் கேட்டைக் குட்டியின் குடல் நெடுங்காலம் சுமக்க நேரிடும்.

குடலுக்கென ஒரு நரம்பமைப்பு

குடற்சுவரினுள் இரண்டு நரம்புப் பின்னல்கள் உள்ளன. தசைப்படைகளுக்கிடையே உள்ள பின்னல் குடலை அசைத்து உணவை நகர்த்துகின்றது. உட்சவ்வின் கீழுள்ள பின்னல் நீர் சுரத்தலையும் இரத்த ஓட்டத்தையும் நடத்துகின்றது. பன்றியில் இவ்விரண்டாவது பின்னல் உள், வெளி என இரு அடுக்குகளாக அமைந்துள்ளது.

இந்நரம்புக் கலங்கள் குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போதே குடலை அடைந்துவிடுகின்றன. ஆனால் அவற்றின் வளர்ச்சி பிறப்புடன் முடிவதில்லை. பிறந்தபின் வரும் வாரங்களிலும் அவை பெருத்து, கிளைவிட்டு, ஒன்றோடொன்று தொடர்பு கொள்கின்றன. உண்ணும் உணவும், குடலில் குடியேறும் நுண்ணுயிர்களும், குட்டி படும் துன்பமும் இவ்வளர்ச்சியைப் பாதிக்கின்றன. நாற்றுப் பருவத்தில் வளைந்த மரம் பின்னர் நிமிர்வது அரிது, குடலும் அத்தகையதே.

ஆராய்ச்சி காட்டுவது

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 15 முதல் 18 நாள் வயதில் பால் மறந்த பன்றிகளையும், 28 நாளில் பால் மறந்த பன்றிகளையும் ஒப்பிட்டு, 2016 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். முந்திப் பிரிக்கப்பட்டவற்றில், அசற்றைல்கோலின் என்னும் பொருளால் செய்தி கடத்தும் குடல் நரம்புகள் வளர்ந்த பின்னரும் மிகையாகத் தொழிற்பட்டன. தூண்டியபோது குடல் அளவுக்கு மீறி நீரைச் சுரந்தது. பெண் பன்றிகளில் இது மேலும் கூடுதலாக இருந்தது. இத்தகைய குடலுடைய பன்றிக்குக் கழிச்சல் எளிதில் உண்டாகும். எனவே மூன்று வாரத்திற்குள் பிரித்து விற்பவர் அடையும் இலாபம், அக்குட்டியை வாங்கி வளர்க்கும் மற்றொரு கமக்காரருக்கு நட்டமாக முடியலாம்.

செய்ய வேண்டியவை

1. பன்றியின் சூல்வித்தகம் நோயெதிர்ப்புப் பொருள்களைக் குட்டிக்குக் கடத்துவதில்லை. குட்டி அவற்றைச் சீம்பாலிலிருந்தே பெறுகின்றது. ஏறத்தாழ 24 முதல் 36 மணித்தியாலங்களின் பின் குடல் அவற்றை உறிஞ்ச இயலாது. ஆகவே, பிறந்தவுடன் ஒவ்வொரு குட்டியும் பால் குடிப்பதை உறுதி செய்க.

2. மலைப் பகுதியின் குளிர்ந்த, ஈரமான இரவுகள் குட்டிகளுக்குத் தீயவை. முதல் வாரத்தில் குட்டிகள் படுக்குமிடம் 32 பாகை செல்சியசு அளவில் இருத்தல் வேண்டும். உலர்ந்த வைக்கோல் பரப்பி, மின்குமிழ் தொங்கவிட்டு, காற்று நேரே படாதவாறு தடுக்க.

3. பத்தாம் நாள் முதல் குட்டித் தீனியைச் சிறிது சிறிதாக வைக்க. மீந்ததை அகற்றி, நாள்தோறும் புதிதாக இடுக. தூய நீர் எப்போதும் இருத்தல் வேண்டும்.

4. 28 நாளுக்கு முன் பால் மறக்கச் செய்யற்க. வீட்டில் கலக்கும் தீனியையே கொடுப்போர் 35 முதல் 42 நாள்வரை பொறுத்தல் நன்று. மெலிந்த குட்டிகளை மேலும் சில நாள் தாயுடன் விடுக.

5. பிரிக்கும் நாளில் தாயை அகற்றி, குட்டிகளைப் பழகிய கொட்டிலிலேயே விடுக. ஒரு வாரத்திற்குத் தீனியை மாற்றற்க; வேறு ஈற்றுக் குட்டிகளுடன் கலக்கற்க; அன்றே விற்பனைக்கும் அனுப்பற்க. தாயின் பிரிவு, புதிய தீனி, புதிய இடம் ஆகிய மூன்றும் ஒருங்கே நேர்ந்தால், உணவை உறிஞ்சும் சடைமுளைகள் குறுகிக் குட்டி மெலியும்.

கழிச்சல் கண்டால் உடனே உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அதிகாரிக்கு அறிவியுங்கள். மருந்தை நீங்களாகவே கொடுக்க வேண்டாம். குட்டி வாங்குவோர் அதன் நிறையை மட்டும் பாராது, எத்தனையாம் நாளில் பால் மறந்தது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். ஒரு வாரப் பொறுமை பல மாத நட்டத்தைத் தவிர்க்கும்.