மாற்று ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்தல்

அன்புள்ள தம்பி,

ஃபேன்டசி ஃபுட்பால் டிராஃப்டின் முதற் சுற்றிலேயே சிறந்த ரன்னிங் பேக் ஒருவரை எடுத்துக்கொண்டு, அவருக்குக் காயம் நேர்ந்தால் துணையிருக்கட்டும் என்று அவரது அணியின் மாற்று ஆட்டக்காரரையும் கடைசிச் சுற்றுகளில் சேர்த்துவிட எண்ணுவதாக எழுதியிருக்கிறாய். உன் ஜாக்கிரதை போற்றத்தக்கதே. ஆனால் ஸீஸனின் ஆரம்பத்தில் அது உசிதமன்று என்பது என் அபிப்பிராயம்.

பத்து கஜ ஓட்டத்துக்கு ஒரு புள்ளியும் டச் டவுனுக்கு ஆறு புள்ளிகளும் பொதுவாகக் கிடைக்கும் இவ்வாட்டத்தில், ரன்னிங் பேக்கின் மதிப்பைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது பந்து எத்தனை தடவை அவர் கைக்கு வருகிறது என்பதே; ஆதலால்தான், 2018-இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் லெவியான் பெல் ஒப்பந்தத் தகராறினால் ஸீஸன் முழுவதும் களமிறங்காதிருக்க, அவர் ஸ்தானத்தில் நின்ற ஜேம்ஸ் கானர் 13 ஆட்டங்களில் 973 கஜம் ஓடி, ஓட்டத்திலேயே 12 டச் டவுன்களும் ஈட்டினார். இப்போது யோசித்துப் பார். உன் பிரதான ஆட்டக்காரர் விழுந்து, அவருடைய மாற்று உன்னிடம் இருந்தால், இழந்ததில் ஒரு பங்கு திரும்பி வரும், அவ்வளவே. எதிராளியின் ஆட்டக்காரருக்குரிய மாற்று உன்னிடம் இருந்து, அந்த ஸ்தானம் காலியானாலோ, உன்னுடையவர் நிற்க இன்னொருவரும் சேர்ந்து, உன் பலம் ஏறக்குறைய இரட்டிக்கும். பெல் விஷயம்போல் ஆரம்பத்திலேயே சந்தேகம் எழுந்திருந்தால் மாத்திரம் உன்னுடையவரின் மாற்றைத் தயங்காமல் எடு.

ஓட்டத்தை இருவர் மூவர் பங்கிட்டுக்கொள்ளும் அணிகளை விட்டுவிடு. ஒருவர் விலகினாலும் அங்கே மற்றவர்களுக்குச் சிறு பங்குகளே கூடும். ஒருவரே முழுப் பாரத்தையும் சுமக்கும் அணியில், தடுப்பு வரிசையும் பலமாக இருந்தால், அங்கே இரண்டாமவர் யார் என்று விசாரி. அதிலும் அவசரப்படாதே. 2024-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரிக்கு அடுத்தவராகப் பலர் கருதிய எலைஜா மிட்செல் ஸீஸன் தொடங்குமுன்பே காயத்தால் விலகிவிட, மெக்காஃப்ரியும் ஆட முடியாமற்போன முதல் ஆட்டத்தில் ஜோர்டன் மேசன் 28 தடவை பந்தைப் பெற்று 147 கஜம் ஓடினார். உங்கள் டிராஃப்டை ஆகஸ்டு கடைசிக்குத் தள்ளிவைக்க நண்பர்களை இணங்கச் செய்தால், இத்தகைய மாறுதல்களில் பலவற்றை அறிந்தபின் தேர்ந்தெடுக்கலாம்.

14-ஆம் வாரத்தோடு அணிகளின் ஓய்வு வாரங்கள் முடிந்து, பெஞ்சில் இடம் மிகும்போது, நான் மேலே சொன்னதைத் தலைகீழாக்கி, உன் பிரதான ஆட்டக்காரரின் மாற்றையே தேடிப் பிடி. அப்போது இறுதிச் சுற்றுகளில் நிற்பவன் சேர்க்க வேண்டியது குறைவு, காக்க வேண்டியதே அதிகம்.

உன் அன்புள்ள,
அண்ணன்