மரத்தடி மண் வெயிலில் காயலாமா? தோப்பு வைத்திருப்போருக்குப் பயனுள்ள குறிப்புகள்

விஸ்வநத்தம், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களில் பலர், ஒரு புல் கூடத் தெரியாமல் உழுது போடுவதைத்தான் நல்ல பராமரிப்பு என்று நினைக்கிறார்கள். ஐப்பசி மழையில் அந்த மேல்மண் கரைந்து ஓடைக்குப் போகிறது. பங்குனி வெயிலில் மிச்ச ஈரமும் போய்விடுகிறது. நடுவில் களையெடுக்க ஆள் தேடினால், தீபாவளி சீசனில் ஊரே பயர் ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், இருக்கிறது. இந்த மூன்று தொல்லையையும் குறைக்க மரங்களுக்கு இடையே மண்ணை மூடி வளரும் மூடுபயிர் விதைக்கலாம். ஆனால் அதுவும் தண்ணீர் குடிக்கும் பயிர்தான். எப்போது விதைப்பது என்பதைவிட எப்போது வெட்டுவது என்பது முக்கியம்.

1. விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பாதி அளவு வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. கிணற்றுப் பாசனம் இருந்தால் ஆடியிலேயே விதைக்கலாம். மானாவாரித் தோப்பு என்றால் புரட்டாசிக் கடைசிக்குள் விதையை வாங்கி வைத்துக்கொண்டு, முதல் உழவு மழை கிடைத்ததும் விதைத்துவிடுங்கள்.

2. மண்ணைப் பார்த்து விதை வாங்குங்கள். தண்ணீர் தேங்கும் கரிசலுக்கும் உவர் நிலத்துக்கும் தக்கைப்பூண்டு. வடிகால் உள்ள செம்மண்ணுக்குச் சணப்பை. நீர் தேங்கினால் அது தாங்காது. வறண்ட மேட்டு நிலத்துக்குக் கொழுஞ்சியோ கொள்ளோ போதும். கரிசல் காட்டில் தானாகவே முளைக்கும் நரிப்பயறும் நல்ல மூடுபயிர்தான்.

3. வெறும் நிலமாக இருந்தால் ஏக்கருக்குத் தக்கைப்பூண்டு 20 கிலோ, சணப்பை 10 முதல் 15 கிலோ, கொழுஞ்சி 6 முதல் 8 கிலோ தேவைப்படும். தோப்பில் மரத்தடி வட்டங்களை விட்டுவிட்டு இடைவெளிக்கு மட்டும் கணக்கிட்டால் விதைச் செலவு குறையும்.

4. கொழுஞ்சி விதையின் தோல் கடினமானது. அப்படியே விதைத்தால் முளைக்க நாளாகும். கை பொறுக்காத சூட்டில், அதாவது 55 டிகிரி வெந்நீரில், 2 முதல் 3 நிமிடம் போட்டு எடுத்து விதையுங்கள். அல்லது மணலோடு சேர்த்து நன்றாகத் தேய்த்தாலும் போதும். ஆடு மாடு இதை விரும்பி மேயாது. வேலி இல்லாத தோப்புக்கு இது பெரிய சௌகரியம். கொஞ்சம் செடிகளைக் காய்த்து உதிர விட்டால் அடுத்த ஆண்டு தானே முளைக்கும்.

5. பயறு வகை விதைகளை ரைசோபியம் கலந்து விதையுங்கள். ஆறிய அரிசிக் கஞ்சியில் உயிர் உரத்தைக் குழைத்து, விதையோடு பிசறி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தினால் போதும். வெயிலில் காயவைத்தால் நுண்ணுயிர் செத்துப்போகும்.

6. முளைத்து ஒரு மாதம் ஆனதும் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. அடுத்த முறை உயிர் உரத்தை மறக்காதீர்கள்.

7. இளங்கன்றுகளைச் சுற்றி மூன்றடி வட்டத்துக்குள் எதையும் விதைக்காதீர்கள். பூனைக்காலி போன்ற கொடிகள் கன்றின் மேல் ஏறி அமுக்கிவிடும். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் கொடி வகை மூடுபயிர்களைத்தான் வளர்க்கிறார்கள். ஆனால் அங்கே மழை அதிகம், கொடியை அவ்வப்போது விலக்கிவிடவும் ஆள் வேண்டும். நமக்குக் குத்துச்செடிகளே போதும்.

8. காய்ப்புக்கு வந்த தென்னை என்றால் வட்டப்பாத்திக்குள்ளேயே விதைக்கலாம். தூரைச் சுற்றி ஆறடி தூரத்துக்குள் மரத்துக்கு 50 கிராம் சணப்பையோ தக்கைப்பூண்டோ தூவி, பூக்கும் முன் அங்கேயே கொத்தி மூடிவிடுங்கள். வீட்டுக் கொல்லையில் இரண்டே தென்னை நிற்பவர்களுக்கும் இது ஏற்றது.

9. கொய்யாவில் வேர் முடிச்சு நூற்புழு பெரிய தொல்லை. தட்டைப்பயறு அந்தப் புழுவுக்கு இடம் கொடுக்கும். அதனால் கொய்யாத் தோப்பில் சணப்பையும் செண்டுப்பூவும் விதையுங்கள். இரண்டும் நூற்புழுவைக் குறைக்கும். பூவை விற்றால் கையில் காசும் வரும்.

10. ஒரே விதையைவிடக் கலப்பு விதைப்பை விரும்புவோருக்குப் பல தானிய விதைப்பு இருக்கிறது. தானியம், பயறு, எண்ணெய் வித்து, பசுந்தாள், வாசனைப் பயிர் என ஐந்து வகையிலும் நான்கு நான்கு விதைகளைக் கலந்து தூவுவார்கள். 1960களில் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த கோ. நம்மாழ்வார் பின்னாளில் ஊர் ஊராகப் பரப்பிய முறைகளில் இதுவும் ஒன்று. 20 விதையும் கிடைக்கவில்லையா? வீட்டு டப்பாவில் முளைப்புத் திறனோடு மிஞ்சியிருக்கும் கொள்ளு, எள், கொத்தமல்லி, கடுகு எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

11. இதுதான் தவறவிடக் கூடாத குறிப்பு. விதைத்த 45 முதல் 60 நாளுக்குள், பூ எடுக்கும் தறுவாயில் வெட்டுங்கள். அதற்கு மேல் விட்டால் தண்டு நாராகி, மட்குவதற்கு நாளாகும். மழை நின்ற பிறகும் பயிர் நின்றால் மரத்துக்குரிய தண்ணீரையும் அது குடித்துவிடும். மானாவாரியில் மார்கழிக்குள் வெட்டு முடிய வேண்டும். தீபாவளிக்குப் பிறகு பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும்போது ஆள் கிடைப்பதும் எளிது.

12. வெட்டியதை மடக்கி உழுவதா, மேலே பரப்புவதா? பாசனம் இருந்தால் லேசாக மடக்கி உழலாம். ஆழமாக ரோட்டவேட்டர் ஓட்டினால் மரத்தின் மேல்வேர் அறுபடும். மானாவாரியில் வெட்டிய இடத்திலேயே மூடாக்காகப் பரப்புவதே மேல். தூரை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் விலக்கிப் போடுங்கள். இல்லாவிட்டால் கரையான் பட்டைக்கு ஏறும்.

13. காய்ந்த மூடாக்கு எளிதில் தீப்பிடிக்கும். பட்டாசு ஆலையையோ சாலையையோ ஒட்டிய தோப்பு என்றால் அந்த எல்லை நெடுக பத்து பதினைந்து அடிக்கு எதையும் பரப்பாமல் செதுக்கி வையுங்கள். அந்தப் பக்கத்துச் செடிகளை மட்டும் மண்ணுக்குள் மடக்கி உழுதுவிடலாம். சருகைக் கொளுத்தும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள்.

14. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை பயிரிடும் உறவினர் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். பிரான்சில் திராட்சை வரிசைகளுக்கு நடுவே புல்லும் பயறும் வளர்ப்பது சாதாரணம். நம் பந்தல் முறையில் அடியில் வெளிச்சம் விழாது என்பதால், கவாத்து முடிந்து பந்தல் திறந்திருக்கும் நாட்களில் விதைக்க வேண்டும்.

15. முதல் ஆண்டு முழுத் தோப்பிலும் இறங்க வேண்டாம். நான்கு இடைவரிசையில் விதைத்து, பக்கத்து நான்கை வழக்கம்போல உழுது வையுங்கள். மாசியில் இரண்டிலும் ஒரு முழம் தோண்டி, மண்ணைக் கையில் உருட்டிப் பாருங்கள். எதில் உருண்டை நிற்கிறதோ அந்த வழியில் அடுத்த ஆண்டு போகலாம். விதைக்கு வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். 2024-25இல் அறிவித்த ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் உர விதைகளும் இடம்பெற்றன. பயிர் பற்றிய சந்தேகங்களுக்கு அருப்புக்கோட்டை கோவிலாங்குளம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.